அண்ணியின் திரையும் அண்ணனின் சுவிட்சும்

என் அண்ணியிடம் ஒரு சாம்பல் நிறச் சட்டை இருக்கிறது. முழுக்கை, நைந்த காலர், ஒரு பொத்தான் மட்டும் வேறு நிறம். உண்மையில் அது என் அண்ணன் வேலைக்குப் போட்டுக்கொண்டு போன சட்டை. லேப்டாப்பின் முன் உட்காரும்போது அண்ணி என்ன உடுத்தியிருந்தாலும் அதன்மேல் இதை மாட்டிக்கொண்டுவிடுவார். சிவப்போ மஞ்சளோ உடுத்தி உட்கார்ந்தால் அந்த நிறம் திரையில் பட்டு, படத்தில் இருப்பவரின் கன்னத்தில் இல்லாததெல்லாம் இருப்பதாகக் காட்டுமாம். ஒரு பிறந்த நாளுக்கு நான் ஆசை ஆசையாகக் கிளிப்பச்சையில் ஒரு சட்டை எடுத்துக் கொடுத்தேன். "ரொம்ப அழகா இருக்கு, லீவு நாள்ல போட்டுக்கறேன்" என்றார். அவருக்கு லீவு நாள் என்று ஒன்று வந்து நான் பார்த்ததில்லை. அந்தச் சட்டை இன்னும் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. எனக்கும் அந்த ஆத்திரம் இன்னும் தீரவில்லை.

அண்ணி படம் எடுப்பவர் இல்லை. மற்றவர்கள் எடுத்த படங்களைச் சரிசெய்து கொடுப்பவர். கல்யாணம், பள்ளி ஆண்டு விழா, பிறந்த குழந்தை, ஓய்வு பெறுகிறவருக்கு அலுவலகத்தில் கொடுக்கும் வழியனுப்பு விழா என்று எதுவாக இருந்தாலும் போட்டோகிராபர்கள் மூட்டை மூட்டையாகப் படங்களை அவருக்கு அனுப்புவார்கள். அவர் ஒவ்வொன்றாகத் திறந்து வெளிச்சத்தைச் சரிசெய்து, கோணலை நிமிர்த்தி, நிறத்தைத் தேற்றி, பக்கம் பக்கமாக அடுக்கி எனக்கு அனுப்புவார். நான் இரண்டு தெரு தள்ளி ஆல்பம் அச்சிடும் கடை வைத்திருக்கிறேன். நாத்தனாரும் அண்ணியும் சேர்ந்து தொழில் செய்கிறோம் என்று சொன்னால் கேட்பவர்கள் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். எங்களுக்குள் சண்டை இல்லை என்று சொல்ல மாட்டேன். வாய் என்னுடையது, பிடிவாதம் அவருடையது, அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது.

அவருடைய பிடிவாதங்களில் பெரியது ஒன்று உண்டு. அண்ணி யாருடைய நிறத்தையும் வெளுக்க மாட்டார். இந்தத் தொழிலில் அதை மாட்டேன் என்று சொல்வது, சாப்பாட்டுக் கடை வைத்துக்கொண்டு உப்புப் போட மாட்டேன் என்பதுபோல. வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பதே அதைத்தான். "பொண்ணைக் கொஞ்சம் கலரா காட்டிடுங்க" என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்வார்கள். பெண் வீட்டாரும் சொல்வார்கள், இன்னும் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி. அண்ணி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வெளிச்சம் சரியில்லைன்னா சரி பண்றேங்க. முகம் அவங்களோடது" என்பார். அத்தோடு முடிந்தது. இதனால் கைவிட்டுப் போன ஆர்டர்களை நினைத்து நான் தலையில் அடித்துக்கொண்ட நாட்கள் உண்டு. ஆனால் இதற்காகவே அவரைத் தேடி வருகிறவர்களும் உண்டு. அவர்கள் வேறு எங்கும் போக மாட்டார்கள்.

இனி என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரின் அளவைக் குறித்துக்கொண்டு வருவது அவருடைய வேலை. ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கிறார். வாழ்நாள் முழுக்க ஊரார் வீட்டு மீட்டர் சுற்றுவதைப் பார்த்துப் பார்த்து, ஆளில்லாத அறையில் எரியும் விளக்கை அவரால் தாங்கிக்கொள்ளவே முடியாது. வீட்டில் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் 'சுவிட்ச்'. ஒருமுறை வீட்டுக்கு வந்திருந்த விருந்தாளிகள் கிளம்புவதற்காக எழுந்து நின்றார்கள். உடனே அண்ணன் மின்விசிறியை அணைத்துவிட்டார். அவர்கள் ஏதோ நினைவு வந்து மறுபடி உட்கார, அண்ணி என்னைப் பார்க்க, நான் கூரையைப் பார்த்தேன். மனிதர் தங்கம். அந்தக் கை மட்டும் சும்மா இருக்காது.

அண்ணியின் பழைய லேப்டாப்பில் பேட்டரி செத்து வெகு காலம் ஆகியிருந்தது. சுவரில் சுவிட்சைப் போட்டால் உயிர் வரும், அணைத்தால் போய்விடும். அண்ணி தண்ணீர் குடிக்க எழுந்துபோன நேரத்தில் அண்ணன் ஒருநாள் வழக்கம்போல அணைத்துவிட்டார். ஒரு பகல் முழுக்கச் செய்த வேலை சேமிக்கப்படாமல் போயிற்று. அண்ணி கத்தவில்லை. சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். அது கத்துவதைவிட மோசம். அன்றிலிருந்து பீரோவுக்குப் பின்னால் இருக்கும் அந்த ஒரு சுவிட்சை மட்டும் அண்ணன் தொடக்கூடாது என்று சட்டம். அவரும் தொடவில்லை. பீரோவைக் கடக்கும்போது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு போவார்.

பிறகு புது லேப்டாப் வந்தது. வாங்கிக் கொடுத்தது அண்ணன்தான். அது வந்த அன்று நானும் அண்ணியும் அதை நிறத்துக்குப் பழக்குவதற்காகச் சேர்ந்து உட்கார்ந்தோம். திரையின் வெளிச்சம் அறைக்குத் தகுந்தாற்போல் தானாக மாறும் வசதியை அண்ணி முதலில் நிறுத்தினார். மாலையானால் திரையை மஞ்சளாக்கும் வசதியையும் நிறுத்தினார். ஜன்னலுக்குச் சாம்பல் திரைச்சீலை போட்டார். லேப்டாப்பின் ஓரத்தில், மின்சாரம் வருகிறது என்று காட்டும் ஒரு பொட்டு விளக்கு இருந்தது. கண்ணின் ஓரத்தில் வெளிச்சம் தெரிந்தால் கவனம் சிதறும் என்று அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டினார். திரையின் கீழே ஓடும் பட்டையையும் மறைத்தார். படம் மட்டும் தெரிய வேண்டும், வேறு ஒன்றும் கூடாது. அதுதான் அவர் வேலை செய்யும் முறை.

கடைசியாக ஒரு அச்சுப் படத்தைப் பக்கத்தில் வைத்து, அதே படத்தைத் திரையில் திறந்து, இரண்டும் ஒன்றாகத் தெரியும்வரை திரையின் வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தோம். இதற்கென்று நாங்கள் வைத்திருக்கும் படம் என் அண்ணனுடையது. தோளில் பையோடு ஒரு மீட்டர் பெட்டியின் முன் வெயிலில் நிற்கிறார், கண்ணைச் சுருக்கிக்கொண்டு. ஏன் அந்தப் படம் என்றால், எங்கள் இருவருக்கும் மனப்பாடமான நிறம் அது ஒன்றுதான். நான் பிறந்ததிலிருந்து பார்த்த முகம், அண்ணி கல்யாணமானதிலிருந்து பார்த்த முகம். அது சரியாகத் தெரிந்தால் திரை சரி. அண்ணன் காபி டம்ளரோடு வந்து எட்டிப் பார்த்து, "இவன் நல்லாத்தான் இருக்கான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் கடைக்கு எதிரே பஸ் நிறுத்தம். அந்த வழியாக ஓடும் பஸ்ஸை ஓட்டுகிற பெண் ஒருத்தி, ஒருநாள் சீருடையோடு கடைக்குள் வந்தாள். கல்யாணம் முடிந்திருந்தது, படங்கள் ஒரு சின்னப் பெட்டியில் கையில் இருந்தன. அண்ணியும் அப்போது கடையில் இருந்தார். தன் அக்கா கல்யாண ஆல்பத்தில் தானே எங்கே இருக்கிறோம் என்று தேட வேண்டியிருந்ததாம், அவ்வளவு மாவு பூசியிருந்தார்களாம். அதனால்தான் விசாரித்து வந்திருக்கிறாள். பிறகு இரண்டு கைகளையும் எங்கள் மேசைமேல் நீட்டினாள். ஜன்னல் பக்கத்துக் கை முழங்கை வரைக்கும் நன்றாகக் கறுத்திருந்தது. மற்றது வேறு யாருடைய கையோ என்பதுபோல் இருந்தது.

"இது வெயில்ல உழைச்ச கை, இது நிழல்ல உழைச்ச கை. ரெண்டையும் ஒண்ணாக்கிடாதீங்க அக்கா. என் வீட்டுக்காரருக்கு இந்தக் கையைத்தான் பிடிக்கும்" என்றாள், கறுத்த கையைத் தட்டி.

அண்ணி சிரித்துக்கொண்டே அந்தக் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாக்குக் கொடுத்தார். அண்ணி வாக்குக் கொடுத்து நான் அதிகம் பார்த்ததில்லை. முடியும் என்றால் பேசாமல் செய்துவிடுகிற ரகம்.

அந்த ஆல்பம் அச்சாகிற அன்று எனக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கினார்கள். நான் கடையில் இல்லை. எங்கள் மிஷின்காரருக்கு அண்ணியிடமிருந்து வந்த படம் என்றால் மறுபேச்சே கிடையாது, வந்ததை அப்படியே ஓட்டிவிட்டார். மறுநாள் வீங்கின கன்னத்தோடு நான் கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பெண் வந்தாள். ஆல்பத்தைப் பிரித்தாள். முதல் பக்கத்தைச் சிரித்தபடி பார்த்தவளின் முகம் மூன்றாவது பக்கத்தில் வாடிவிட்டது. நான் எழுந்து எட்டிப் பார்த்தேன். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. படத்தில் அவள் முகம் வெளிறியிருந்தது. மோதிரம் மாற்றும் படத்தில் இரண்டு கைகளும் ஒரே நிறம். வெயிலில் உழைத்த கை போன இடம் தெரியவில்லை. சில பக்கங்கள் மிகச் சரியாக இருந்தன, அடுத்த பக்கமே மாவு.

"அவங்களுமா அக்கா?" என்று மட்டும் கேட்டாள். என் வாயில் பஞ்சு. ஏதோ உளறினேன். "பஸ் நிக்குது" என்று சொல்லி ஆல்பத்தை மேசையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். சண்டை போட்டிருந்தால் பரவாயில்லை, சண்டைக்கு எனக்குப் பதில் தெரியும். அன்றிலிருந்து அவள் பஸ் என் கடை வாசலில் நிற்கும்போதெல்லாம் அவள் நேரே முன்கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இந்தப் பக்கம் திரும்ப மாட்டாள்.

ஆல்பத்தை எடுத்துக்கொண்டு நேராக அண்ணி வீட்டுக்குப் போனேன். யாரோ பணக்கார வீட்டாரின் வற்புறுத்தலுக்கு அண்ணி இறங்கிவிட்டார், கை அதற்குப் பழகிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். வழி நெடுகக் கேட்கவேண்டியதை அடுக்கிக்கொண்டே போனேன். போய்ப் பார்த்தால் கேட்க முடியவில்லை. அண்ணி ஆல்பத்தைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நிறுத்தினார். லேப்டாப்பில் அதே படத்தைத் திறந்து பார்த்தார். திரையிலும் வெளிறித்தான் இருந்தது.

"இது நான் பண்ணினதுதான். ஆனா நான் பார்த்தப்ப இப்படி இல்லை" என்றார். பிறகு மெதுவாக மற்றதும் வந்தது. கொஞ்ச நாளாகவே இப்படித்தானாம். காலையில் சரிசெய்து வைத்த படம் மத்தியானம் இருட்டாகத் தெரிகிறதாம். அதைத் தூக்கிவிட்டால் மறுநாள் காலையில் வெளுப்பாகத் தெரிகிறதாம். ஒரு போட்டோகிராபர்கூட நாசூக்காகச் சொல்லியிருக்கிறார், படங்கள் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறதே என்று. யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். "எனக்குக் கண்ணு போய்டுச்சு" என்றார். அழவில்லை. அடுப்பை அணைத்துவிட்டேன் என்று சொல்லும் குரலில் சொன்னார்.

அண்ணன் அவரைக் கையைப் பிடித்துக் கண் டாக்டரிடம் அழைத்துப் போனார். டாக்டர் எழுத்துகளைக் காட்டினார், படித்தார். நிறப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் புத்தகத்தைக் காட்டினார், எல்லா எண்ணையும் சொன்னார். படிக்கிற கண்ணாடியைத் தவிர ஒன்றும் வேண்டியதில்லை என்று அனுப்பிவிட்டார். அண்ணிக்கு அதில் சமாதானமில்லை. புள்ளியெல்லாம் தெரிகிறது, முகம்தான் தெரியவில்லை என்றார். கையிலிருந்த வேலைகளை ஒவ்வொருவருக்காகப் போன் செய்து திருப்பிக் கொடுத்தார். பஸ் ஓட்டும் பெண்ணின் படங்களை வேறு யாரிடமாவது கொடுத்து நன்றாகச் செய்யச் சொல் என்று என்னிடம் சொன்னார். அடுத்த நாள் நான் போனபோது சாம்பல் சட்டை துவைத்துக் கொடியில் தொங்கியது. வேலை நேரத்தில் அது அண்ணியின் தோளில் இல்லாமல் கொடியில் தொங்கி நான் பார்த்ததே இல்லை. கொடிக்குப் பக்கத்தில் அண்ணன் நின்றுகொண்டு அந்தச் சட்டையின் கையை நீவிவிட்டுக்கொண்டிருந்தார்.

வருத்தம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும். அது என் சுபாவம். ஒருநாள் காலையில் கடையை மிஷின்காரரிடம் விட்டுவிட்டு அண்ணி வீட்டில் போய் உட்கார்ந்தேன். காய்ந்த சட்டையை எடுத்து அவர்மேல் போட்டேன். அந்தப் பெண்ணுக்கு வாக்குக் கொடுத்தது நீங்கள், வேறு யாரோ இல்லை, கண் போனால் என் கண்ணை வைத்துக்கொள்ளுங்கள், நான் பக்கத்திலேயே உட்கார்ந்து நிறம் சொல்கிறேன், கையை மட்டும் நீங்கள் ஓட்டுங்கள் என்றேன். அண்ணி என்னைப் பார்த்தார். என்ன தோன்றியதோ, பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

முதலில் அண்ணனின் அச்சுப் படத்தைத் திரைக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். அதே படத்தைத் திரையில் திறந்தோம். இரண்டும் அச்சு அசலாக ஒன்று. இதோ பாருங்கள், எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்றேன். இப்போது அப்படித்தான் இருக்கும், போகப்போகப் பார் என்றார் அண்ணி. சரி, ஒரு வாய் டீ குடித்துவிட்டு ஆரம்பிக்கலாம் என்று இருவரும் சமையலறைக்குப் போனோம். படத்தை மூடவில்லை, எதையும் தொடவில்லை. டீ கொதிக்கும்போது அண்ணன் வந்து தன் டம்ளரை நிரப்பிக்கொண்டு நழுவினார். நாங்கள் அந்தப் பெண்ணின் படங்களில் எதிலிருந்து தொடங்குவது என்று பேசிக்கொண்டிருந்தோம்.

திரும்பி வந்து உட்கார்ந்தோம். அண்ணி திரையைப் பார்த்தார். பார்த்ததும் ஒரு பெருமூச்சு விட்டார். கை தானாக மவுஸுக்குப் போயிற்று, வெளிச்சத்தைத் தூக்குவதற்கு. நான் சட்டென்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் தெரிந்தது. திரையில் இருந்த அண்ணன் மங்கிப் போயிருந்தார். பக்கத்தில் அச்சில் இருந்த அண்ணன் அப்படியே வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணி, நீங்க படத்தைத் தொட்டீங்களா?"

"இல்லையே."

"நானும் தொடலை. அப்புறம் அண்ணன் எப்படிக் கறுத்தார்?"

அண்ணி அச்சுப் படத்தைக் கையில் எடுத்தார். திரைக்கு ஒட்டி வைத்துப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். "உனக்கும் தெரியுதா?" என்று கேட்டார். தெரிகிறது என்றேன். இன்னொரு தடவை கேட்டார். அந்தக் கேள்வியை நான் மறக்க மாட்டேன். தனக்கு மட்டும் தெரிகிற ஒன்றை இத்தனை நாள் தனியாகச் சுமந்தவருடைய கேள்வி அது.

அதற்குப் பிறகு அவருக்கு நான் தேவைப்படவில்லை. மறைத்து வைத்திருந்த பட்டையை ஒரு விசையைத் தட்டி வரவழைத்தார். மூலையில் பேட்டரியின் சின்னப் படம். அதன்மேல் ஒரு குட்டிப் பச்சை இலை. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்பதற்கு லேப்டாப் காட்டும் அடையாளம் அது. அண்ணி வயரைத் தொட்டுப் பார்த்தார், சரியாகச் சொருகியிருந்தது. ஓரத்தில் ஒட்டியிருந்த கறுப்பு டேப்பைக் கிள்ளி எடுத்தார். பொட்டு விளக்கு எரியவில்லை. எழுந்துபோய் பீரோவுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினார். கை அங்கேயே நின்றது.

"ஏங்க, கொஞ்சம் இங்க வாங்க" என்று கூப்பிட்டார்.

அண்ணன் டம்ளரோடு வந்தார். அண்ணியின் கை எங்கே இருக்கிறது என்று பார்த்ததும் திருதிருவென்று விழித்தார். தப்பித்துப் போக வழியில்லை, வாசற்படியில் நான் நின்றிருந்தேன்.

விஷயம் இவ்வளவுதான். புது லேப்டாப் வந்த சில நாட்களில், பழக்கதோஷத்தில் அண்ணன் ஒருமுறை அந்தச் சுவிட்சை அணைத்துவிட்டு, ஐயோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்திருக்கிறார். லேப்டாப் சாகவில்லை. பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. கடைக்காரர் வேறு, எந்நேரமும் சார்ஜ் ஏறிக்கொண்டே இருந்தால் பேட்டரி சீக்கிரம் தேய்ந்துபோகும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அன்றிலிருந்து அண்ணி எழுந்துபோகும் நேரம் பார்த்து அணைப்பார். பேட்டரி குறைந்திருக்கும் என்று தோன்றும்போது, அதேபோல் நேரம் பார்த்து மறுபடி போடுவார். சட்டத்தை மீறுவதால் சொல்லவில்லை. பேட்டரி நீடித்து வரட்டும் என்று, மிச்சம் பிடிக்கும் அந்த வசதியையும் அவரே தேடிக் கண்டுபிடித்துப் போட்டுவைத்திருக்கிறார். வயரில் மின்சாரம் நின்றாலே திரை தன் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். அண்ணி முகம் இருட்டாக இருக்கிறதே என்று தூக்குவார். தூக்கினது அச்சில் மாவாக வரும். எது எப்போது நடக்கிறது என்று சொல்லக்கூடிய விளக்கையும் பட்டையையும் அண்ணியே மூடி வைத்திருந்தார். அவர் எழுந்து போயிருக்கும் நேரத்திலேயே எல்லாம் நடந்ததால், வெளிச்சம் மாறுகிற கணம் அவர் கண்ணில் படவே இல்லை. இந்தக் கூத்து வேறு எந்த வீட்டிலும் நடந்திருக்க வாய்ப்பில்லை.

"இது உனக்கு ரொம்ப வருஷம் உழைக்கணும்னு நினைச்சேன்" என்றார் அண்ணன். "வெளிச்சம் கம்மியா இருந்தா கண்ணுக்கும் நல்லதுன்னு…" டாக்டர் வீட்டு நாற்காலியில் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இதே மனிதர்தான். கண் போய்விடும் என்று அண்ணியைவிட அதிகமாகப் பயந்தவரும் இவர்தான்.

அண்ணி அங்கே நின்றபடியே சுவிட்சைப் போட்டார். திரையில் இருந்த அண்ணன் பளிச்சென்று வெயிலுக்கு வந்தார். அணைத்தார், மங்கினார். மறுபடி போட்டார். தன் முகம் வருவதையும் போவதையும் அண்ணன் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நிற்கவில்லை, கண்ணிலிருந்து தண்ணீர் வந்துவிட்டது. சாம்பல் சட்டையின் கையால் துடைத்துக்கொண்டே, "என் கண்ணு எங்கயும் போகலை" என்றார். என்னிடம் ஒருமுறை, அண்ணனிடம் ஒருமுறை, யாரிடமும் இல்லாமல் ஒருமுறை. எனக்கும் தாங்கவில்லை. நான் அண்ணனைத் திட்டிக்கொண்டே அழுதேன். எனக்கு அது ஒன்றும் புதிதில்லை.

அன்றே அண்ணி லேப்டாப்பின் அமைப்புகளுக்குள் போய் உட்கார்ந்தார். மிச்சம் பிடிக்கும் வசதியை நிறுத்தினார். வயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் திரை ஒரே வெளிச்சத்தில் இருக்கும்படி செய்தார். அண்ணனின் படத்தை வைத்து, சுவிட்சைப் போட்டு ஒருமுறையும் அணைத்து ஒருமுறையும் சரிபார்த்தார். பேட்டரி முழுதாக நிரம்புவதற்கு முன்பே தானாகச் சார்ஜை நிறுத்திக்கொள்ளும் வசதி ஒன்றும் உள்ளே இருந்தது. அதைப் போட்டுவிட்டு அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினார், இனி பேட்டரி தேயும் என்ற கவலை வேண்டாம் என்று. அண்ணனுக்கு நிம்மதிதான். ஆனால் கையிலிருந்த ஒரு வேலையைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். கறுப்பு டேப் குப்பைக்குப் போயிற்று. கண்ணின் ஓரத்தில் ஒரு பொட்டு வெளிச்சம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்றார் அண்ணி.

பஸ் ஓட்டும் பெண்ணின் படங்களை முதலிலிருந்து செய்தார். பழையதைத் திருத்தவில்லை, எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக. இந்த முறை அச்சிடும்போது நான் மிஷின் பக்கத்தைவிட்டு நகரவில்லை. ஆல்பத்தை யார் கொண்டுபோய்க் கொடுப்பது என்று பேச்சு வந்தபோது, "நானும் வரேன். அணைச்சது நான்தானே" என்றார் அண்ணன்.

மூவருமாக என் கடை வாசலில் நின்று அந்தப் பஸ்ஸில் ஏறினோம். அண்ணி அவசரத்தில் சாம்பல் சட்டையைக் கழற்ற மறந்துபோய் அப்படியே வந்துவிட்டார். அந்தப் பெண் கண்ணாடியில் எங்களைப் பார்த்தாள், வண்டியை எடுத்தாள். கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கியபின் நாங்கள் மட்டும் உட்கார்ந்திருந்தோம். எஞ்சினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள். அண்ணி ஆல்பத்தை நீட்டுவதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார். மீட்டர், பேட்டரி, பீரோ என்று முன்னும் பின்னுமாக எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். அவளுக்குப் பாதி புரிந்திருக்காது. கடைசியில், "அவ உன்னை வெளுக்கலைம்மா. அவளுக்கு நீ சரியாத்தான் தெரிஞ்சே. குறுக்கே வந்தது நான்" என்றார். அது புரிந்தது.

அவள் ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து ஆல்பத்தை மடியில் வைத்துப் பிரித்தாள். பகல் வெளிச்சம் பக்கத்தின்மேல் விழுந்தது. எந்த நிறமானாலும் அங்கே தப்பிக்க முடியாது. அண்ணியின் மூச்சு எனக்குக் கேட்டது. மோதிரம் மாற்றும் படம் வந்தது. அவள் தன் இரண்டு கைகளையும் நீட்டி அந்தப் பக்கத்தின்மேல் வைத்தாள். வெயிலில் உழைத்த கைக்குப் பக்கத்தில் வெயிலில் உழைத்த கை. நிழலில் உழைத்த கைக்குப் பக்கத்தில் நிழலில் உழைத்த கை. வெகுநேரம் கைகளை எடுக்கவில்லை. பிறகு அண்ணியின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"நான்தான் அக்கா" என்றாள். "பக்கத்துக்குப் பக்கம் நானேதான்."

அண்ணி தலையை மட்டும் ஆட்டினார். பல் பிடுங்கிய அன்றுகூட நான் இவ்வளவு வாயடைத்துப் போனதில்லை.

அண்ணன் மட்டும் நிலைகொள்ளாமல் நெளிந்துகொண்டிருந்தார். ஏனென்று எனக்குத் தெரியும். ஏறியதிலிருந்தே தெரியும். நல்ல வெயில் நேரத்தில் பஸ்ஸுக்குள் விளக்குகள் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன. அவர் மேலே பார்ப்பார், அண்ணியைப் பார்ப்பார், கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொள்வார். அந்தப் பெண் ஆல்பத்திலிருந்து நிமிர்ந்தாள். அவர் கண் போகிற இடத்தைப் பார்த்தாள். முதல்முறையாகச் சிரித்தாள்.

"ஸ்டியரிங்குக்குப் பக்கத்துல முதல் சுவிட்ச், மாமா. நீங்களே அணைச்சிடுங்க."

அண்ணன் எழுந்துவிட்டார். எழுந்தவர் அப்படியே நின்று அண்ணியைப் பார்த்தார்.

"போய் அணைச்சிட்டு வாங்க" என்றார் அண்ணி.